முசலியின் பொதுக் காணி ஏலச் சரக்கன்று!

உள்ளூராட்சிச் சபை ஒன்றின் வருமானம் இவ்வாண்டு குறைந்தால், வருகின்ற ஆண்டில் அதனை ஈடு செய்துகொள்ளலாம். நிலுவையான வரியை அறவிடலாம். சந்தைக் குத்தகையைக் கூட்டலாம். வீண் செலவைச் சுருக்கலாம். ஆனால் சபையின் காணியொன்று விற்கப்பட்டு, உறுதியும் எழுதி முடிக்கப்பட்டுவிட்டால், அதனைத் திரும்பப் பெறுவதற்கு எந்த வரியும் உதவாது. நாளைக்கு ஒரு பாடசாலைக்கோ, வைத்தியசாலைக்கோ, நெற் களஞ்சியத்துக்கோ இடம் வேண்டிவரும்போது, அதே சபை தன் பழைய காணியின் வேலிக்கு வெளியே நின்று, பல மடங்கு விலை பேச வேண்டிய நிலை உண்டாகும். இந்தச் சின்னஞ்சிறு உண்மையை நம் சபைகளும், அச்சபைகளைத் தெரிவு செய்கின்ற நாமும் நெஞ்சில் இருத்திக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் இலங்கை அரசாங்கத்தின் கைகளும் வெறுமை. உள்ளூராட்சிச் சபைகளின் கைகளும் வெறுமை. பணமில்லாத வீட்டில் முதலிற் கண்ணிற் படுவது காணி உறுதிதான். “பயன்படாமற் கிடக்கும் காணியை முதலீட்டாளருக்குக் கொடுத்தால் என்ன? ஊர் அபிவிருத்தி அடையுமே!” என்ற பேச்சு தலைநகரில் மட்டுமன்று, மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் முசலியிலும் கேட்கக்கூடியதே. அந்தப் பேச்சுக்கு விடை கூறுவதே எமது நோக்கம்.

முத்துக்குளிப்புக் கற்பித்த பாடம்

பொதுச் சொத்தை நல்ல விலைக்குக் கொடுப்பது எப்படி, கெட்ட விலைக்குக் கொடுப்பது எப்படி என்று அறிந்துகொள்ள முசலி மக்கள் வேறு எங்கும் செல்ல வேண்டியதில்லை. தங்கள் கடற்கரையைப் பார்த்தாற் போதும்.

1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற முத்துக்குளிப்பு, அக்காலத்தில் மிகப் பெரியனவற்றுள் ஒன்று. அந்த ஒரு பருவத்தில் மட்டும் அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் 25 இலட்சம் ரூபா அளவினதாகும். வெறும் மணலும் பற்றையுமாக இருந்த கரையில் ஓலைக் குடில்களால் ஒரு நகரமே எழுந்தது. அடுத்த ஆண்டே, 1906இல், பிரித்தானிய ஆட்சியாளர் மன்னார்க் குடாவின் முத்துப்படுகைகளை, இலண்டனில் அமைக்கப்பட்ட ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தனர். குத்தகை ஆண்டொன்றுக்கு 3 இலட்சத்துப் 10 ஆயிரம் ரூபா. நல்ல விளைச்சலைக் கண்ட கண்ணோடு கம்பனி வந்தது. ஆனால் கடல் கம்பனியின் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. 1907க்குப் பின்னர் படுகைகள் வறண்டன. 20 ஆண்டுத் தவணை முடிவதற்கு நெடுங்காலம் முன்னரே, 1912இல், கம்பனி கலைந்தது.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. பெரிய இலாபத்தை வாக்களித்துக்கொண்டு வருகின்றவர் ஊருக்காக வருவதில்லை, விளைச்சலுக்காகவே வருகின்றார். விளைச்சல் போனால் அவரும் போவார் என்பது முதலாவது. இரண்டாவது பாடம் அதனினும் முக்கியமானது. ஆட்சியாளர் அன்று படுகைகளை விற்கவில்லை, குத்தகைக்கே கொடுத்தனர். ஆகவே கம்பனி விழுந்தபோது படுகைகள் அரசிடமே மீண்டன. விற்றிருந்தால், கலைந்துபோன கம்பனியின் கடன்காரருக்கு மன்னார்க் கடலின் அடித்தளம் உரிமையாகியிருக்கும்! தவணையிட்ட குத்தகைக்கும் அறுதி விற்பனைக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். ஆனால் இந்த ‘இவ்வளவு’ ஓர் ஊரின் எதிர்காலம் முழுவதையும் அடக்கியது.

ஐந்து சிலிங்கிலிருந்து 1935 வரை

‘அரச காணி’ என்று நாம் இன்று வழங்குவது எங்கிருந்து வந்தது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், எதிரான சான்று காட்டப்படும் வரையில் முடிக்கே உரியவை என்று விதித்தது. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த தரைக்கும், விறகு வெட்டிய காட்டுக்கும், சேனை செய்த மேட்டுக்கும் கிராமவாசி எந்த உறுதியைக் காட்டுவான்? காட்ட முடியாதவனுடைய நிலம் முடியின் நிலமாயிற்று. அவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட மலைநாட்டு நிலம், ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களுள் ஆட்சியின் உயர் உத்தியோகத்தரும் இருந்தனர். விற்றவரும் அவரே, வாங்கியவரும் அவரே! வேலியே பயிரை மேய்ந்த கதைக்கு இதனைவிட வேறு சான்று வேண்டுமா?

அந்தக் கொடுமையின் விளைவைக் கண்ட பின்னரே, 1927இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழு ஒரு புதிய நெறியைக் கூறியது. முடிக்குரிய காணி என்பது மக்களின் பொருட்டு அரசு வைத்திருக்கும் நம்பிக்கைச் சொத்து. அதனை முதலில் அளந்து, கிராமத்தின் வளர்ச்சிக்கு எவ்வளவு, மேய்ச்சலுக்கு எவ்வளவு, காட்டுக்கு எவ்வளவு என்று வகுத்து ஒதுக்க வேண்டும். அதன் பின்னரே வழங்கல் பற்றிப் பேச வேண்டும் என்பதே அந்நெறி. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அதன்மேல் எழுந்தது. ஏழை விவசாயிக்குக் காணி கொடுக்கும்போதுகூட, கடன்காரன் அதைப் பறித்துக்கொள்ளாதபடி கட்டுப்பாடுகளுடன் கொடுக்கப்பட்டது. ஒரு சிறு கமக்காரன் தன் இரண்டு ஏக்கரைத் தன் விருப்பப்படி விற்கக்கூடாது என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தடுத்து வந்த ஓர் அரசு, பொதுமக்களின் ஏக்கர்களைத் தான் மட்டும் தன் விருப்பப்படி விற்கலாம் என்று கருதுவது எந்த நியாயம்?

2024ஆம் ஆண்டில் ‘உறுமய’ என்ற திட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரக் காணிகளுக்கு முழு உரிமை உறுதி வழங்கும் வேலை தொடங்கப்பட்டது. உழுதவனுக்கு முழு உரிமை கிடைப்பதை நாம் வரவேற்கின்றோம். ஆனால், கட்டுப்பாடு நீங்கிய காணி கடனுக்குப் போகவும் கூடும், கைமாறவும் கூடும். ஊரிலே தனியார் காணி கைமாறுவது எளிதாகும் அளவுக்கு, பொதுக் காணியைக் காப்பது அவசியமாகின்றது. இரண்டும் ஒருங்கே போனால், ஊர் என்பது பெயரளவில் மட்டுமே எஞ்சும்.

விற்பனை எவ்வாறு நடக்கின்றது?

பொதுக் காணி ஒரே இரவிற் போவதில்லை, படிப்படியாகவே போகின்றது. அந்தப் படிகளை வாசகர் அறிந்திருத்தல் நன்று.

முதலில், காணி ‘பயன்படாதது’ என்று பெயர் சூட்டப்படுகின்றது. ஆண்டிலே நான்கு மாதம் மாடு மேய்கின்ற தரையும், மாரியில் நீர் தேங்கிக் குளத்துக்கு வடிகின்ற பள்ளமும், மீனவர் வலை உலர்த்துகின்ற கரையும், காகிதத்தில் வெறும் தரிசாகவே தோன்றும். இரண்டாவதாக, அத்தரிசுக்கு ஏற்ற விலை மதிக்கப்படுகின்றது. மூன்றாவதாக, யாரும் காணாத இடத்தில் ஓர் அறிவித்தல். கேள்விப் பத்திரம் கொடுக்கக் குறுகிய தவணை. நான்காவதாக, விற்பனை முடிந்த பின்னர் அக்காணிக்குக் கட்டட அனுமதி, வீதி, நீர், மின்சாரம் யாவும் வந்து சேருகின்றன. தரிசின் விலைக்கு வாங்கப்பட்டது நகரக் காணியின் விலைக்கு ஏறிவிடுகின்றது. இந்த விலையேற்றத்தை உண்டாக்கியது யார்? வீதியிட்ட பொதுமக்களின் வரிப் பணம். அதனை அடைவது யார்? வாங்கியவர்.

பேச்சுக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். பத்து ஏக்கர் காணியை ஏக்கர் 10 இலட்சமாக ஒரு சபை விற்கின்றது. சபைக்கு ஒரு கோடி ரூபா கிடைக்கின்றது. வீதி வந்த பின் ஏக்கர் 50 இலட்சமாகின்றது. வாங்கியவருடைய சொத்து ஐந்து கோடியாகின்றது. சபையின் ஒரு கோடியோ, இரண்டு ஆண்டுச் சம்பளத்திலும் வாகனத் திருத்தத்திலும் கரைந்துவிடுகின்றது. மூன்றாம் ஆண்டில் சபை மறுபடியும் வறுமையில். ஆனால் இம்முறை விற்பதற்குக் காணியும் இல்லை. விதைநெல்லை அவித்து உண்டவன் அடுத்த மாரிக்கு எதை விதைப்பான்?

வில்பத்து ஊடாகப் புத்தளத்தையும் மன்னாரையும் இணைக்கும் எலுவன்குளம் – மரிச்சுக்கட்டிப் பாதை பற்றிய வழக்கும் வாதமும் ஆண்டுக்கணக்காக நடந்து வந்ததை முசலி மக்கள் நன்கறிவர். அந்தப் பாதை நல்லதோ தீயதோ, அது வேறு விடயம். அது என்றாவது ஒரு நாள் அகலத் திறக்கப்படுமானால், கரையோரக் காணியின் விலை எங்கே செல்லும் என்பதை அறியச் சோதிடம் வேண்டியதில்லை. அன்று விலை ஏறப்போகும் காணியை இன்று தரிசின் விலைக்கு விற்பதற்குப் பெயர் அபிவிருத்தியா?

கொழும்பும் இலண்டனும்

பெரிய நகரங்களின் அனுபவம் நமக்குப் பயன்படும். கொழும்புக் காலிமுகத்தில் இராணுவத் தலைமையகம் இருந்த நிலத்தில் 10 ஏக்கர், ஒரு வெளிநாட்டு விடுதிக் கம்பனிக்கு 12½ கோடி அமெரிக்க டொலருக்கு அறுதியாக விற்கப்பட்டது. நாட்டின் மிக அரிய கடற்கரை நிலம் அது. விலை போதுமா, போதாதா என்று வாதிடலாம். ஆனால் இன்னும் நூறு ஆண்டு சென்றாலும் அந்த நிலம் பொதுமக்களிடம் தானாக மீளப்போவதில்லை என்பதில் வாதத்துக்கு இடமில்லை. கொழும்புத் துறைமுக நகரத்தைப் பாருங்கள். 2014இல் செய்யப்பட்ட முதலாவது உடன்படிக்கையில் 20 ஹெக்டயர் நிலம் சீனக் கம்பனிக்கு அறுதி உரிமையாகக் கொடுக்கப்படவிருந்தது. எதிர்ப்பு எழுந்தது. 2016இல் செய்யப்பட்ட புதிய உடன்படிக்கையில் அறுதி உரிமை நீக்கப்பட்டு, 99 ஆண்டுக் குத்தகையாக மாற்றப்பட்டது. மக்கள் கேள்வி கேட்டால் ஒப்பந்தத்தையும் திருத்தலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

இலண்டனில் சதக் மாநகரப் பகுதிச் சபை, ஹெய்கேட் என்னும் தன் குடியிருப்புத் தொகுதியை ஒரு கட்டடக் கம்பனிக்கு 5 கோடி பவுணுக்குக் கொடுத்தது. அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் வாடகைக் குடிகள் வாழ்ந்து வந்தனர். அவர்களை வெளியேற்றி இடத்தைக் காலி செய்வதற்கே சபை 4 கோடியே 40 இலட்சம் பவுண் செலவிட்டது என்பது பின்னர் வெளியாயிற்று. விற்ற விலையையும் செலவையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது எவ்வளவு என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம். புதிதாக எழுந்த மாடங்களுள் பழைய குடிகளின் வாடகைக்கு எட்டக்கூடியவை மிகச் சிலவே. இத்தனைக்கும் பிரித்தானியாவில் 1972ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம், சபைகள் தங்கள் காணியைப் பெறக்கூடிய மிகச் சிறந்த விலைக்கே கொடுக்க வேண்டும் என்று விதித்திருக்கின்றது. விலையை மட்டும் பார்க்கின்ற சட்டம், மக்களைக் காக்கப் போதுமானதன்று.

எனினும், குத்தகை என்ற சொல்லில் மட்டும் மயங்கிவிடவும் கூடாது. சென்னைக் கிண்டியில் ஏறத்தாழ 160 ஏக்கர் அரச நிலம், குதிரைப் பந்தயக் கழகம் ஒன்றுக்கு 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. ஆண்டுக் குத்தகை 614 ரூபாவும் சில்லறையும்! விலை உயர்ந்த நகரின் நடுவில், கால் நூற்றாண்டு, அரை நூற்றாண்டு கடந்தும் அந்தத் தொகையைப் பற்றியே வழக்காடிக்கொண்டிருந்தனர். 2024இல் தமிழ்நாட்டு அரசு குத்தகையை முடிவுறுத்தி நிலத்தைக் கைக்கொண்டது; நூற்றுக்கணக்கான கோடி ரூபா நிலுவை பற்றிய வழக்கும் கூடவே வந்தது. குத்தகைத் தொகையைக் காலத்துக்குக் காலம் திருத்தும் விதி இல்லையேல், குத்தகையும் விற்பனையின் தம்பியே ஆகும்.

நல்வழியும் உலகிலுண்டு. சிங்கப்பூர் அரசு கட்டடக்காரருக்கு நிலம் கொடுக்கின்றது. ஆனால் பெரும்பாலும் 99 ஆண்டுத் தவணைக்கே, பகிரங்கக் கேள்விப் பத்திரத்தின் மூலமே கொடுக்கின்றது. தவணை முடிந்தால் நிலம் அரசுக்கு. வியன்னா நகரம், 1984 முதல் நகருக்கென நிலம் வாங்கிச் சேர்க்கும் ஒரு நிதியத்தை நடத்தி வருகின்றது. அங்கே வீடு கட்ட வருபவர், எவ்வளவு பணம் தருவார் என்பதால் மட்டுமன்றி, எத்தகைய வீட்டை எந்த வாடகைக்குத் தருவார் என்பதாலும் தெரிவு செய்யப்படுகின்றார். விற்கின்ற நகரங்களுக்கும் வாங்கிச் சேர்க்கின்ற நகரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்க.

முசலியின் தனித்துயர்

இனி முசலிக்கு வருவோம். இங்கே ஒரு விந்தை உண்டு. உள்ளூராட்சிச் சபை காணி விற்பதைப் பற்றிப் பேசுகின்றோம். ஆனால் முசலிப் பிரதேச சபையிடம் விற்பதற்கு உள்ள காணி எவ்வளவு? சந்தை, நூலகம், விளையாட்டுத் திடல், மயானம், உள்வீதி ஆகிய இவைதாம் ஒரு கிராமியச் சபையின் சொத்து. எஞ்சிய பெருநிலம், பிரதேச செயலகத்தின் கீழ் அரச காணியாகவும், வனத் திணைக்களத்தின் காடாகவும், கொண்டச்சியில் மரமுந்திரிகைத் தோட்டமாகவும், கடற்படை முகாமாகவும் பிரிந்து கிடக்கின்றது. ஊரின் பெயரால் நடக்கின்ற சபைக்கு ஊரின் நிலத்தில் வாயில்லை!

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, முசலியின் முஸ்லிம் கிராமங்கள் வெறுமையாயின. இருபது ஆண்டுகள் புத்தளத்து அகதி முகாம்களில் கழிந்தன. அதே காலத்தில் அவர்களின் முற்றங்களில் காடு ஏறியது. 2009க்குப் பின்னர் அவர்கள் திரும்பி வந்தபோது நிகழ்ந்ததென்ன? 2012 ஒக்டோபரில் வர்த்தமானி மூலம் மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, விளாத்திக்குளம் முதலிய பகுதிகள் காப்புக் காடாக்கப்பட்டன. 2017 மார்ச் 24ஆம் தேதி, அன்றைய சனாதிபதி உருசிய நாட்டில் இருந்தபடி ஒப்பமிட்ட வர்த்தமானியால், வில்பத்துக்கு வடக்கே 40,030 ஹெக்டயர் நிலம், ஏறத்தாழ 99,000 ஏக்கர், மாவில்லு பாதுகாப்பு வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2020 நவம்பரில், காட்டினுள் நடந்த குடியேற்றம் சட்டத்துக்கு மாறானது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் அமைச்சர் ஒருவரின் செலவில் மரம் நட வேண்டும் என்று கட்டளையிட்டது.

காடு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. காடின்றி மழையில்லை, மழையின்றி அகத்திமுறிப்புக் குளமில்லை, குளமின்றி முசலியில் நெல்லில்லை. காடு அழிந்தால் முதலில் அழுவோர் நம் கமக்காரரே. ஆனால், எது பழங்காடு, எது அகதியின் முற்றத்தில் வளர்ந்த காடு என்று ஊராரை அழைத்து, நில அளவைக்காரரைக் கொண்டு, பழைய உறுதிகளைப் பார்த்துப் பிரித்தறிந்த பின்னரன்றோ எல்லைக் கல் நாட்டியிருக்க வேண்டும்? அந்த வேலை செவ்வனே நடந்திருந்தால், காட்டின் காவலரும் ஊரின் குடிகளும் நீதிமன்றப் படிகளில் எதிரெதிரே நிற்க நேர்ந்திராது.

கத்தோலிக்கத் தமிழரின் முள்ளிக்குளத்தையும் நினைவிற் கொள்வோம். 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்ட மக்களின் ஊரில் கடற்படைத் தளம் எழுந்தது. 2017 மார்ச்சில் அவர்கள் வீதியோரத்தில் அமர்ந்து தொடங்கிய போராட்டத்தின் விளைவாக, அடுத்த மாத இறுதியில் 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படைத் தளபதி அறிவித்தார். தாய்மார் வெயிலில் அமர்ந்திருந்து பெற்ற வாக்குறுதி அது. முஸ்லிம் என்றும் தமிழர் என்றும் பிரித்துப் பார்ப்போருக்கு முசலியின் நிலம் ஓர் உண்மையைக் கூறுகின்றது. காணி விடயத்தில் இரு சாராரின் துயரும் ஒன்றே. இரு சாராரையும் கேளாமலே இரு சாராரின் நிலமும் முடிவு செய்யப்பட்டது.

ஆகவே, பொதுக் காணி மூன்று வழிகளில் ஊரின் கையை விட்டு அகல்கின்றது என்போம். விலைக்குப் போவது ஒன்று. திருத்தமில்லாத நெடுங் குத்தகையிற் போவது மற்றொன்று. பெயர் மாற்றத்தினாற் போவது மூன்றாவது. முசலியில் மூன்றாவது வழியே பெருவழியாக இருந்து வந்திருக்கின்றது. ஆனால் பெயர் மாறித் திணைக்களத்தின் கைக்குப் போன காணி, நாளை ஒரு கம்பனியின் கைக்குப் போகாது என்பதற்கு யார் பொறுப்பு?

கேட்பாரில்லாத காலம்

சட்டம் என்ன சொல்கின்றது? 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் காணி விடயத்தை மாகாண சபைப் பட்டியலில் எழுதியது. ஆனால் அரச காணி குடியரசிடமே இருக்கும் என்று பின்னிணைப்பிலும் எழுதியது. 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றமும் அரச காணியின் அதிகாரம் மத்திக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. அதே திருத்தம் கூறிய தேசிய காணி ஆணைக்குழுவோ இதுவரை அமைக்கப்படவில்லை. ஒரு கையாற் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்வது என்பது இதுதான்.

கொடுத்த சிறிதளவும் செயற்பட்டதா? வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் ஆண்டுக்கணக்காக, சனாதிபதியால் நியமிக்கப்பட்ட ஆளுநரின் கையிலேயே மாகாண நிருவாகம் இருந்து வந்தது. நாடெங்கும் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 மார்ச் 19ஆம் தேதி முடிவுற்றது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6ஆம் தேதியில். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, மக்கள் தெரிவு செய்த ஓர் உறுப்பினராவது சபை மண்டபத்தில் இருந்து, “இந்தக் காணி யாருக்கு? என்ன விலைக்கு?” என்று கேட்கும் நிலை இருக்கவில்லை. செயலாளர்கள் நேர்மையானவர்களாக இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்பாரில்லாத அதிகாரம் நேர்மையானவரையும் சோதனைக்குள்ளாக்கும். இப்போது சபைகள் மீண்டும் அமைந்திருக்கின்றன. அவை செய்ய வேண்டிய முதற் காரியங்களுள் ஒன்று, தாம் இல்லாத காலத்தில் தமது காணிக்கு என்ன நேர்ந்தது என்று கணக்குப் பார்ப்பதாகும்.

மாற்றாரின் வாதம்

“சபைக்கு வருமானம் இல்லை, காணியோ சும்மா கிடக்கின்றது, முதலீடு வந்தால் இளைஞருக்கு வேலை கிடைக்குமே” என்று சிலர் கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் உண்டு. முசலி இளைஞர் வேலை தேடிக் கடல் கடந்து செல்வதை நாம் அறியாதவரல்லர். ஆனால் தொழிற்சாலை நடத்த வருபவருக்கு வேண்டியது நிலத்தின் பயன்; நிலத்தின் உரிமை அன்று. முப்பது ஆண்டுத் தவணை, தொழில் நடத்தும் எவருக்கும் போதுமானது. அறுதி உறுதி வேண்டும் என்று அடம் பிடிப்பவர் தொழிலுக்கு வந்தவரா, நிலத்தின் விலையேற்றத்துக்கு வந்தவரா என்பதைச் சபை சிந்திக்க வேண்டும்.

எக்காலத்திலும் ஒரு பேர்ச்சும் விற்கக்கூடாது என்பது எமது வாதமன்று. வீதியை நேராக்கும்போது எஞ்சுகின்ற துண்டு நிலத்தை அடுத்த வீட்டுக்காரருக்கு மதிப்பு விலைக்குக் கொடுக்கலாம். நெடுங்காலமாகக் குடியிருக்கும் ஏழைக்கு அவன் வீட்டு நிலத்தை உரிமையாக்கலாம். அவை விற்பனை என்பதிலும் நீதி வழங்கல் என்பதே பொருந்தும். ஊரின் வளர்ச்சிக்கு வேண்டிய நிலத்தை வெளியாருக்கு அறுதியாக விற்பதையே நாம் எதிர்க்கின்றோம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, முசலிப் பிரதேச சபை தன் காணிகள் அனைத்தையும் அளந்து, ஒரு பதிவேடு தயாரித்து, தமிழில் அச்சிட்டு, சிலாவத்துறையிலும் ஒவ்வொரு கிராமத்திலும் பார்வைக்கு வைக்க வேண்டும். எவ்வளவு உண்டு என்று தெரியாத சொத்து களவு போனாலும் தெரியாது.

இரண்டாவது, அறுதி விற்பனை இல்லை என்று சபை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். குத்தகையாயின் தவணை குறிக்கப்பட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொகை திருத்தப்பட வேண்டும். சொன்ன வேலையைச் சொன்ன காலத்தில் தொடங்காதவரிடமிருந்து காணி திரும்ப வேண்டும்.

மூன்றாவது, மதிப்பீடு, வீதியும் அனுமதியும் வந்த பின்னர் காணி பெறப்போகும் பெறுமதியைக் கணக்கில் எடுக்க வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையும் கேள்விப் பத்திரங்களும் சபையின் பகிரங்கக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

நான்காவது, காணியினாற் பெறும் பணம் சம்பளத்துக்கும் எரிபொருளுக்கும் போகாமல், தனி நிதியமாக வைக்கப்பட்டு, புதிய பொதுச் சொத்தை உண்டாக்குவதற்கே செலவாக வேண்டும்.

ஐந்தாவது, அரச காணியோ, காடோ, முகாமோ, தோட்டமோ, எத்திணைக்களத்தின் கீழ் இருந்தாலும், முசலி எல்லைக்குள் ஒரு நிலத்தின் பயனோ பெயரோ மாற்றப்படுமுன் பிரதேச சபையின் கருத்து எழுத்தில் பெறப்பட வேண்டும். இதற்குச் சட்டம் திருத்தப்பட வேண்டுமாயின் அதற்காகப் பாராளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் குரல் கொடுக்க வேண்டும்.

இவற்றைச் சபையிடம் மட்டும் விட்டுவிடவும் இயலாது. நில அளவையாளரே, சட்டத்தரணிகளே, பொறியியலாளரே, ஆசிரியரே! உங்கள் கல்வி இந்த மண்ணின் வரிப் பணத்தால் வந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கின்றது. ஒரு விண்ணப்பத்தின் மூலம் எந்தக் காணியின் வரைபடத்தையும், மதிப்பீட்டையும், ஒப்பந்தத்தையும் கேட்கலாம். கமக்காரருக்கு எழுதத் தெரியாத விண்ணப்பத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள். கமக்காரப் பெருமக்களே! எந்தத் தரையில் மாடு மேய்ந்தது, எந்தப் பள்ளம் எந்தக் குளத்துக்கு வடிந்தது என்பது எந்தக் காரியாலயத்து வரைபடத்திலும் இல்லை; உங்கள் நினைவில்தான் இருக்கின்றது. உங்கள் முதியோர் வாழும் காலத்திலேயே அதனைச் சொல்லி எழுதுவித்து வையுங்கள்.

அரிப்புக் கரையில், ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகை, நம் மக்கள் அல்லிராணி கோட்டை என்று அழைப்பது, கடலரிப்பால் ஆண்டுதோறும் சரிந்து வருகின்றது. கடல் கொள்வதைத் தடுக்க நம்மிடம் வலுவில்லாமற் போகலாம். கையெழுத்தாற் போகின்ற காணியைத் தடுப்பதற்கு வலு வேண்டியதில்லை. விழிப்பு ஒன்றே போதும். அடுத்த சபைக் கூட்டம் எந்த நாளில் என்று கேட்டறிந்து, அன்று சென்று பார்வையாளர் வாங்கில் அமருங்கள். முசலியின் காணியைக் காக்கும் பணி அங்கிருந்து தொடங்கட்டும்.